மூன்றாவது கூப்பாடு

காலை பத்தே கால். வாயில் மண். தலைக்கு மேலே துணி எரிகிறது. ஒரு கடை நிறையத் தொங்கிய துணி. ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. சத்தம் இல்லை. இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில் குக்கர் விசில் மாதிரி ஒன்று, நிற்காமல்.

எதிரே ஒருத்தன் கத்துகிறான். படு. தரையோடு படு. வாய் அசைவதை வைத்துத்தான் தெரிகிறது. நான் படுத்துத்தான் கிடக்கிறேன். தொடையில் சூடாக ஏதோ ஓடுகிறது. இன்னொரு வெடி. இது தள்ளி, ஆற்றுப் பக்கம். தரை அதிர்கிறது.

என் இடது கையில் ஜெயந்தியின் கை. இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தரை அதிர்ந்தபோது அந்தக் கையும் அதிர்ந்தது. தரை நின்றது. கையும் நின்றுவிட்டது. நான் விடவில்லை. யாரோ வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அதுவரை விடவில்லை.

அந்தக் கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சூடானில் சண்டை வந்தது, ஓம்துர்மான் சந்தை எரிந்தது, நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். இதெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. பேப்பரில் வராதது ஒன்று இருக்கிறது. குண்டு விழுவதற்கு முன் துணிக்கடைக்காரன் எங்கள் முகத்தில் ஷட்டரைச் சாத்தினான், அதனால்தான் ஜெயந்தி செத்தாள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தேன். அவள் புருஷனிடம் சொன்னேன். அவள் மகளிடம் சொன்னேன். கேட்ட எல்லாரிடமும் சொன்னேன்.

பொய். அவர் சாத்தவில்லை. கூப்பிட்டார்.

என் பெயர் கஸ்தூரி. ஊர் மணப்பட்டு. கட்டிக்கொண்டவர் கடலுக்குப் போகிறவர். நான் பாகூர் சந்தையிலும் கிருமாம்பாக்கத்திலும் பதினாறு வருஷம் மீன் விற்றவள். இரண்டு மகன்களையும் படகில் ஏற்றக் கூடாது, படிக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதம். அதற்காகத்தான் வெளிநாடு போனேன். ஓம்துர்மானில் ஒரு சோப்பு கம்பெனி. முதலாளி வடநாட்டுக்காரர். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குச் சோறு பொங்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றார் வில்லியனூர் ஏஜென்ட். ஒருத்தி நான். இன்னொருத்தி ஒதியம்பட்டு ஜெயந்தி. விமானத்தில்தான் முதலில் பேசிக்கொண்டோம். சீட் பெல்ட் போடத் தெரியாமல் இரண்டு பேரும் முழித்தோம். அப்போதே சிரிக்க ஆரம்பித்தவள், மூன்று வருஷம் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

எனக்கு அந்தச் சந்தை ஆகாது. முதல் நாளிலிருந்தே ஆகாது. உள்ளே நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது. ஒரு சந்து நிறையச் செருப்பு. ஒரு சந்து நிறைய மசாலா. ஒரு சந்து நிறையத் தங்கம். செம்பருத்தியைக் காய வைத்து மலை மாதிரிக் குவித்திருப்பார்கள். அந்தச் சிவப்பும், சாம்பிராணிப் புகையும், ஆட்டுத்தோல் நாற்றமும் சேர்ந்து தலையைச் சுற்றும். மூன்று பேர் நடக்கிற சந்தில் ஆட்டோ வரும். நம் ஊர் ஆட்டோதான். ரக்‌ஷா என்பார்கள். ஹாரனைவிட வாயால் கத்துவதுதான் அதிகம். நம் முகத்தைப் பார்த்ததும் விலை இரண்டு மடங்கு. இந்தியாக்காரி என்பதை அவர்கள் பாஷையில் ஹிந்தியா, ஹிந்தியா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். எல்லாரும் திருடர்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஊரில் என் முன்னால் கூடை வைத்தவளையும் அப்படித்தான் நினைத்தேன். வியாபாரம் செய்கிறவளுக்கு வியாபாரிமேல் நம்பிக்கை வராது.

ஜெயந்திக்கு அந்தச் சந்தை திருவிழா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு. அவளுக்கு முதல் நாளே தூக்கம் வராது. வேர்க்கடலை விற்கிற கிழவியிடம் உட்கார்ந்து பாஷை தெரியாமலே அரை மணி நேரம் பேசுவாள். சொன்ன விலையைக் கொடுத்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்டி, ஆத்துல போட்டாலும் அளந்து போடுவாங்க. நீ இன்னா வாரி எறைக்கிற?"

"வயசானவங்கக்கா. போவட்டும்."

"நாளைக்கு உனுக்கு வயசானா இந்தக் கெழவி வந்து கஞ்சி ஊத்துவாளா?"

"நீதான் கீறியே, நீ ஊத்து."

மீன் விற்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கூறு இருநூறு என்பேன். வந்தவள் நூறு என்பாள். கட்டாது என்பேன். அவள் நடப்பாள். நான் கூப்பிடுவேன். முதல் கூப்பாடு சும்மா. திரும்புகிறாளா என்று பார்க்க. திரும்பிவிட்டால் விலை இறங்காது. இரண்டாவதில் கொஞ்சம் இறங்குவேன். மூன்றாவது கூப்பாடுதான் நிஜ விலை. விவரம் தெரிந்தவள் மூன்றாவதற்குத்தான் திரும்புவாள். இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறி ஐஸ் கரைந்து கூடை கவிழ்க்கிற நேரத்தில் எந்த விலையும் விழும். கடை கட்டுகிறவளிடம் போனால் பாதி விலைக்கு வாங்கலாம்.

இதை ஜெயந்திக்கு நான் கற்றுக்கொடுத்தேன். ஒரு வருஷம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தேன். திரும்பாதே. முதல் தடவை திரும்பாதே. இரண்டாம் தடவையும் திரும்பாதே. அவளுக்கு முடியாது. யாராவது கூப்பிட்டால் திரும்பிவிடுகிற சுபாவம். அதனால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். திரும்பப் பார்த்தால் அமுக்குவேன்.

எங்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரம்ஜான் பெருநாள் கழித்து ஐந்தாம் நாள். ஜெயந்தியின் மகள் நிவேதா பெரியவளாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாய் வந்தால்தான் தண்ணீர் ஊற்றுவது என்று அவள் புருஷன் முருகையன் சடங்கைத் தள்ளிப் போட்டிருந்தான். வைகாசியில் நாள் குறித்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டுகிற நீளத் துணி ஒன்று உண்டு. நாலரை மீட்டர். தோப் என்பார்கள். கிளிப்பச்சையில், ஓரத்தில் சரிகை போட்ட தோப் ஒன்றை ஜெயந்தி ஒரு கடையில் பார்த்து வைத்திருந்தாள். தாவணிக்கும் ரவிக்கைக்கும் சரியாக வரும் என்றாள். மூன்று தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை அங்கி. ஒடிசல் உடம்பு. கன்னத்தில் கோடு கோடாகப் பழைய தழும்பு. மரியாதைக்கு எல்லாரும் ஹாஜ் என்பார்கள். அவர் ஜெயந்திக்கு நாற்காலி போடுவார். எனக்குப் போட மாட்டார். போன தடவை நான் துணியைக் கசக்கிப் பார்த்துச் சாயம் போகும் என்று சொன்ன கோபம்.

சனிக்கிழமை. ரமலான் மாதம், இருபத்து நான்காவது நோன்பு. எட்டரைக்கு மெஸ்ஸை விட்டுக் கிளம்பினோம். ஒன்பதுக்குச் சந்தை. செருப்புச் சந்தில் நடக்கும்போது முதல் சத்தம். தம். தம். தம். ஏழு எண்ணினேன். ஆற்றுக்கு அந்தக் கரை. ஜெயந்தி நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா அது?"

"எங்கியோ கட்டடம் இடிக்கிறானுங்க. நட."

பத்து மணி ஆகப் போகிறது. இப்போது வேறு சத்தம். பட்டாசுச் சரம் மாதிரி. நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது. சந்தில் எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். ஒருத்தன் ஓடுகிறான். கர்ர்ர், டம். ஒரு ஷட்டர் இறங்கியது. கர்ர்ர், டம். இன்னொன்று. துணிச்சந்தின் முனையிலிருந்து வரிசையாக இறங்கி வந்தது. ஒன்பது ஷட்டர்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் வீட்டுக்கு ஓடியிருப்பாள். நான் மீன்காரி. ஷட்டர் இறங்குவது எனக்குக் கூடை கவிழ்க்கிற நேரமாகத் தெரிந்தது. ஏதோ கலாட்டா, சீக்கிரம் கடை கட்டுகிறார்கள், பயந்த வியாபாரி கிடைத்த விலைக்குக் கொடுப்பான் என்று கணக்குப் போட்டேன்.

"போயிடலாம்கா. எல்லாம் மூடுறாங்க."

"இப்பதான்டி நேரம். வாய மூடிக்கினு வா."

ஹாஜ் கடையில் ஒரு ஷட்டர் இறங்கியிருந்தது. இன்னொன்று பாதியில். அவர் போனில் யாரிடமோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். கிளிப்பச்சைத் துணியைக் காட்டினேன். போன மாதம் அந்த ஊர்ப் பணத்தில் பதினைந்தாயிரம் பவுண்டு சொன்னவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே பன்னிரண்டு என்றார். நான் எட்டு என்றேன். பத்து என்றார். அவர் மனசு துணியில் இல்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் விழும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று கையை விசிறிவிட்டு, ஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுவர் ஓரம் நான். திறந்த பக்கம் அவள்.

பத்துத் தப்படி போயிருப்போம். மேலே விமானம். தாழ்வாகப் போகிறது. கூரைத் தகரமெல்லாம் நடுங்குகிறது. அது போனதும் முதல் கூப்பாடு.

தஆலி. வா என்று அர்த்தம். எங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான்.

ஜெயந்தியின் கை இழுத்தது. நான் அமுக்கினேன்.

"கூப்புடுறாருக்கா."

"கூப்புடட்டும். நட."

இன்னும் பத்துத் தப்படி. இரண்டாவது கூப்பாடு. இது கிட்டத்தில் கேட்டது. கடையை விட்டு இறங்கி வருகிறார். சகோதரி என்கிறார். உள்ளே வா என்கிறார். ஜெயந்தியின் கை மறுபடி இழுத்தது. பலமாக இழுத்தது. நான் இன்னும் பலமாக இழுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியா, எறங்கி வராரு. எட்டுக்கு முடிச்சிடலாம்."

சந்தில் நாங்கள் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தோம். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது கூப்பாடு. ஓடி வருகிற ஆளின் குரல். பாதியில் உடைந்தது. இதுதான் நிஜ விலை என்று கழுத்தைத் திருப்பினேன்.

நாலு அடி தள்ளி வந்துவிட்டார். செருப்பு இல்லை. இரண்டு கையையும் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டு வருகிறார். கை வெறுங்கை. விலை பேச வருகிறவன் சரக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வருவான். நான் பதினாறு வருஷம் அப்படித்தான் மீனைத் தூக்கிக் காட்டினேன். அவர் கையில் துணி இல்லை. அப்போது புரிந்தது. புரிந்து, வாயைத் திறக்க நேரமில்லை.

சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. விமானம் போட்டதா, பீரங்கியா, எந்தக் கட்சி போட்டது, இன்றுவரை தெரியாது. இரண்டு கட்சியும் நாசமாகப் போகட்டும்.

ஹாஜின் வீடு சந்தைக்குப் பின்னாலேயே இருந்தது. மூன்று பேரையும் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோனார்கள். ரோடு மறித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. என் தொடையிலிருந்து தகரத் துண்டை எடுத்துக் கட்டியது பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். நோன்பு வைத்திருந்த பெண்கள் என் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு அறையில் ஹாஜின் உடம்பு. பக்கத்து அறையில் ஜெயந்தி. அவர் வீட்டுப் பெண்கள்தான் ஜெயந்தியைக் குளிப்பாட்டினார்கள். உன் தங்கையா என்று ஒரு அம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். கடையில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியைக் கிழித்து இரண்டு பேருக்கும் சுற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தார்கள். எரிக்கிற வழக்கம் எங்களுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நெருப்புக்கு நடுவே அதை எப்படிச் சொல்வது.

அவர் மூத்த மகன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முப்பது வயசு இருக்கும். அழுது முடித்த முகம். மெதுவாகக் கேட்டான். அப்பா கூப்பிட்டது எங்கள் வீடுவரை கேட்டதே, உங்களுக்குக் கேட்கவில்லையா?

நான் என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

காது போனது குண்டுக்குப் பின்னால். அவர் கூப்பிட்டபோது இரண்டு காதும் நன்றாகவே கேட்டன. அவன் நம்பினான். என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனான். அதுதான் முதல் பொய். வாய்கூடத் திறக்காமல் சொன்னது.

ஐந்தாம் நாள் கம்பெனி ஆட்கள் வந்து என்னை அழைத்துப்போனார்கள். பன்னிரண்டாம் நாள் பஸ். ஒரு பகல், ஒரு இரவு. ஒவ்வொரு தடுப்பிலும் துப்பாக்கியை ஜன்னலுக்குள் நீட்டி எண்ணினார்கள். துறைமுகத்தில் நம் நாட்டுக் கப்பல். ஏறியதும் எல்லாரும் அழுதார்கள். தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருத்தி என் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள், கூட வந்தவங்களுக்கு எப்படி ஆச்சு என்று.

"கடக்காரன் ஷட்டர மூட்டாம்மா. எங்கள உள்ள உடல."

யோசித்துச் சொன்னது இல்லை. தானாக வந்தது. அந்தப் பெண் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. பொய்க்கு இவ்வளவு ஆறுதல் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஊருக்கு வந்தேன். ஒதியம்பட்டில் ஜெயந்தி வீட்டு வாசலில் கூட்டம். உடம்பு இல்லாத சாவு. நான்தான் உடம்பு. எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முருகையன் கொத்தனார் வேலை செய்கிறவன். அதிகம் பேச மாட்டான். எப்படி நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டான். சொன்னேன். ஷட்டர். அவன் பல்லைக் கடித்த சத்தம் என் ஒற்றைக் காதில் கேட்டது.

"எந்த நாயிக்கா அது? எப்டி இருப்பான்?"

அடையாளம் கேட்கிறான். சொல்ல வேண்டியதாகிவிட்டது. பொய் ஒன்றோடு நிற்காது. நல்ல தடியன் என்றேன். உள்ளே இடம் இருந்தது, வேண்டுமென்றே சாத்தினான் என்றேன். ஒடிசலான கிழவரை நான் தடியன் ஆக்கினேன். நாற்காலி போட்டவரைப் பாவி ஆக்கினேன். கம்பெனிதான் அடக்கம் செய்தது என்றும் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் நான் ஒரே ஆள்மேல் ஏற்றிவிட்டு, பிழைத்து வந்தவள் என்று சோறு தின்றேன்.

இரண்டு வருஷம். முருகையனுக்குக் குடி இல்லை. சண்டை இல்லை. அந்தக் கடைக்காரனைத் திட்டுவதுதான் ஒரே வேலை. சாரத்தில் ஏறினால் திட்டுவான். சோற்றில் கை வைத்தால் திட்டுவான். நிவேதா அதைக் கேட்டே வளர்ந்தாள். சடங்கு நடக்கவில்லை. ப்ளஸ் டூ முடித்தாள். காலேஜுக்குத் துணி எடுக்க வேண்டும், கூட வா பெரிம்மா என்றாள். போன ஆனி மாதம் வில்லியனூர் கடைத்தெருவுக்கு இரண்டு பேரும் போனோம்.

பகல் பதினோரு மணி. ஒரு சின்னத் துணிக்கடை. வாசலில் கடைக்காரர் நிற்கிறார். தொப்பி வைத்த பாய். வயசானவர். எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரிதான் எங்களையும் கூப்பிட்டார்.

"வாம்மா, உள்ள வா. சுடிதார் மெட்டீரியல் புச்சா வந்துக்கீது."

நிவேதா நின்றாள். திரும்பினாள். அவள் முகம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது.

"உள்ள வாவா? எங்கம்மா உள்ள வரேன்னதுக்கு ஷட்டர் போட்டவங்கதானே நீங்க. இப்ப நீ என்னக் கூப்புடுறியா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வைத்திருந்த துணிக்கட்டை அவள் இழுத்துத் தெருவில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். கூட்டம் கூடியது. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியாம்மா என்றார். பைக்கில் வந்த இரண்டு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். சரியா கேட்டம்மா, உடாத என்று ஒருத்தன் சொன்னான். சாயந்திரத்துக்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. கீழே என்னென்னமோ எழுதியிருந்தார்கள். கொளுத்த வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் அந்தக் கடை பாதி ஷட்டரோடு கிடந்தது.

கொளுத்தினால் துணி எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஒதியம்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. முருகையன் வீட்டில் இருந்தான். நிவேதா டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்காமல் சொன்னேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு தடவை தம் தம் என்று கேட்டது. ஒன்பது ஷட்டர். எட்டாயிரம் கேட்டது. சிரித்தது. காதைத் தொட்டுக் காட்டியது. எதையும் விடவில்லை. நடுவில் முருகையன் எழுந்து குழாயடிக்குப் போனான். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். முகம் கழுவவில்லை. குடம் நிரம்பி வழிந்தது. அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"திட்றதுக்குன்னு ஒரு ஆளு இருந்தான்கா எனுக்கு. அதயும் புடுங்கிட்ட."

"என்னத் திட்டு முருகையா."

"உன்ன எப்டிக்கா திட்றது. அவ போன்ல பேசுனா பாதி நேரம் உன் பேச்சுதான். கஸ்தூரிக்கா இல்லாங்காட்டி நான் இந்த ஊர்ல செத்துப்பூடுவேன்னு சொல்லுவா."

அதன்பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எந்திரிச்சி போக்கா. இனிமே இந்த வூட்டுக்கு வராத."

எழுந்தேன். நிவேதா வாசல்வரை வந்தாள். அழவில்லை. பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு வரக்கூடாத முகம்.

"எங்கம்மா கைய இழுத்தாங்களா பெரிம்மா?"

"இழுத்தா."

"எத்தினி தடவ?"

"ரெண்டு தடவ."

தெருவில் பால்காரர் வண்டி போயிற்று. பிறகு கேட்டாள்.

"அவுரு பேரு இன்னா?"

எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் அந்தக் கடைமுன் நின்றிருக்கிறேன். போர்டு அரபியில் இருந்தது. அவர் வீட்டில் ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். அவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்தேன். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. விலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஹாஜ் என்பார்கள், அது பேரு இல்ல என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வில்லியனூர் கடைக்குத் தனியாகப் போனாள் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினாள் என்று தெரியாது. என்னிடம் சொல்ல அவளுக்கு அவசியம் இல்லை.

அந்தச் சந்தில் அன்று எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை. நான் அறிந்தது இரண்டு பேர். ஜெயந்தி, முப்பத்தாறு வயசு, ஒதியம்பட்டு, ஒரு மகள். துணிக்கடைக்காரர், வயசு தெரியாது, பெயர் தெரியாது, மகன் உண்டு, மனைவி உண்டு. ஒரு கடை. என்னுடைய ஒரு காது. ஒரு பெண்ணுக்கு நடக்காமல் போன சடங்கு. வாங்காத நாலரை மீட்டர் துணி. நான் இனிப் போக முடியாத ஒரு வீடு. இதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் எனக்கு வந்த தண்டனை. காதைத் தவிர மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு வந்தது.

ஜெயந்திக்கு இரண்டு வருஷமும் படையல் போட்டோம். பூ வைத்தோம், சேலை வைத்தோம். படைத்து முடித்ததும் முருகையன் தெருவில் இறங்கி, மேற்கே பார்த்து, அந்தக் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றுவான். உறவுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி போடுவார்கள். இரண்டு வருஷமும் நான் அங்கே இருந்தேன். இரண்டு வருஷமும் நானும் குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.